ஒன்பது மணி ஜெபமும் தூங்கி விழுற பையனும்

கேள்வி: அக்கா, நாங்க பாளையங்கோட்டை. தினமும் நைட் 9 மணிக்கு குடும்ப ஜெபம், வீட்டுக்காரர் பைபிள்ல ஒரு அதிகாரம் முழுசா வாசிச்சாத்தான் விடுவாரு. போன வாரம் சங்கீதம் 119 வந்துச்சு, 11 வயசு பையன் தூங்கி விழுந்துட்டான், தங்கச்சி முன்னாடியே நங்குன்னு ஒரு கொட்டு வச்சுட்டாரு. இப்ப அவன் ஜெபத்துக்கே வரமாட்டேங்கிறான். சபையை விட்டே போயிருவானோன்னு பயமா இருக்கு.

பதில்: ஏம்மா, 119ஐயா ஒரே மூச்சுல வாசிச்சீங்க? 176 வசனம்! ஸ்கூல், டியூஷன்னு ஓடிட்டு வந்த பிள்ளை என்ன செய்யும், நானே தூங்கிருவேன் (எனக்கு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயே கண்ணு சொக்கும், அதை விடுங்க). அந்த சங்கீதத்தை எழுதுனவரே எபிரெய எழுத்து 22க்கும் எழுத்துக்கு எட்டு வசனம்னு பிரிச்சுத்தான் எழுதியிருக்காரு, நாளுக்கு எட்டு வாசிச்சா 22 நாள்ல முடிஞ்சிருக்கும், யாருக்கும் கொட்டும் விழுந்திருக்காது.

பையனுக்கு சாமி மேல ஒண்ணும் கோவம் இல்லம்மா, அப்பா மேலதான். அதனால முதல்ல அவரு போய் "கொட்டுனது தப்புடா"ன்னு சொல்லணும். எபேசியர் 6ல "பிள்ளைகளே கீழ்ப்படியுங்கள்"னு வர்ற முதல் வசனத்தை நம்ம எல்லா வீட்லயும் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வைக்கிறோம், ஆனா நாலாவது வசனம் பிள்ளைங்களைக் கோபப்படுத்தாதீங்கன்னு அப்பாக்களுக்குச் சொல்லுது, அதை எந்த அப்பா மனப்பாடமா சொல்லி நான் கேட்டதே இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, சண்டை வந்தா என் பேரைச் சொல்லுங்க.

இன்னொண்ணு, அவன் இங்கிலீஷ் மீடியமா? அப்ப பழைய மொழிபெயர்ப்பு பைபிள்ல இருக்கிற "சிட்சை" (கண்டிச்சுத் திருத்துறது), "பிரமாணம்" (சட்டம்) எல்லாம் அவனுக்கு சத்தம்தான், அர்த்தம் கிடையாது. 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு பைபிள்ல தமிழ் கொஞ்சம் ஈஸியா இருக்கும், அதையும் பக்கத்துல வச்சுக்கோங்க. உபாகமம் 6ல வீட்ல உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இல்ல, வழியில நடக்கும்போதும் கடவுளோட வார்த்தையைப் பிள்ளைங்ககிட்ட பேசுன்னுதான் இருக்கு, அப்ப டியூஷனுக்கு ஸ்கூட்டில கொண்டு விடுற பத்து நிமிஷமும் கணக்குதான், அங்க அவன் கேள்வி கேட்டான்னா தெரிஞ்சதைச் சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க.

ரெண்டு வாரம் அவனை ஜெபத்துக்குக் கூப்பிடவே கூப்பிடாதீங்க. நீங்க மூணு பேரும் ஹால்ல உட்கார்ந்து பத்தே நிமிஷத்துல முடிங்க, சின்னவளை வி.பி.எஸ்ல (லீவுல சபையில நடத்துற பைபிள் வகுப்பு) கத்துக்கிட்ட பாட்டு ஒண்ணை ஆக்‌ஷனோட பாடச் சொல்லுங்க, ரூம் கதவு மூடியிருந்தாலும் அவன் காதுல விழும்.