காட்டுக் குதிரைவாலி: சில கேள்விகள், சில பதில்கள்

ஈரம் தங்கும் இடம் எதுவானாலும், யாரும் விதைக்காமல் தானாக முளைத்து, ஒன்றரை மாதத்துக்குள் கதிர் தள்ளி நிற்கும் புல் இது. நெல் வயல், காய்கறிப் பாத்தி, வாய்க்கால் கரை என்று எங்கும் இருக்கும். பிடுங்கி எறிய வழி கேட்டு வாசகர்களில் பாதிப் பேரும், சமைத்துச் சாப்பிட வழி கேட்டு மீதிப் பேரும் எழுதியிருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, தானியமாகச் சாப்பிடும் குதிரைவாலியும் இந்தக் காட்டுப் புல்லும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. எக்கினோகுளோவா என்ற பேரினத்தில் களையாக நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று எக்கினோகுளோவா கொலோனா. குட்டையானது, கதிரில் மீசை (விதை நுனியில் நீளும் முடி) இருக்காது, சில செடிகளில் இலைக்குக் குறுக்கே ஊதாப் பட்டை ஓடும். இந்தியாவில் பயிராகும் குதிரைவாலி இதிலிருந்து வந்தது. மற்றொன்று எக்கினோகுளோவா குரூஸ்-கல்லி. இது உயரமாக வளரும், கதிரும் பெரிது, பெரும்பாலும் மீசை உண்டு. ஜப்பானில் பயிராகும் குதிரைவாலிக்கு மூலம் இதுதான். ஆக, இரண்டு காட்டுப் புல்லிலிருந்து இரண்டு இடங்களில் தனித்தனியாக இரண்டு பயிர்கள் உருவாகியிருக்கின்றன. இந்தப் பதில்களில் ‘காட்டுக் குதிரைவாலி’ என்று நான் சொல்வது இரண்டையும் சேர்த்துத்தான். வித்தியாசம் முக்கியமான இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

கேள்வி: நாற்றாக இருக்கும்போது நெல்லையும் இதையும் எப்படிப் பிரிப்பது? கதிர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது.

மூன்று நான்கு இலை வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஒரு செடியைப் பிடுங்கி, ஓர் இலையை மெதுவாகத் தண்டிலிருந்து விலக்குங்கள். இலைப் பரப்பும் தண்டைச் சுற்றிய உறையும் சேரும் மூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே வெள்ளையாக, மெல்லியதாக, நுனி பிளந்த ஒரு சவ்வு நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் முடி வைத்த சிறு கொக்கி போன்ற நீட்சிகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். காட்டுக் குதிரைவாலியில் இந்த இரண்டுமே கிடையாது. மூட்டு மொட்டையாக இருக்கும், மிஞ்சினால் நாலு முடி. புற்களில் இப்படி நாக்கே இல்லாத இனம் அபூர்வம், அதனால் இந்த அடையாளம் ஏமாற்றாது.

மற்ற அடையாளங்கள் துணைக்கு மட்டும்: இலையைத் தடவினால் நெல் சொரசொரக்கும், இது வழுக்கும். நடு நரம்பு வெளிறித் தெளிவாகத் தெரியும். அடித்தண்டு சற்றுத் தட்டையாக, பல செடிகளில் சிவந்திருக்கும். ஆனால் சிவப்பை மட்டும் நம்பிக் களையெடுக்காதீர்கள். ஏன் என்று அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

கேள்வி: அண்ணா, எங்கள் வயலில் வருஷத்துக்கு வருஷம் இந்தப் புல் நெல் மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறது. என் கண்ணில்தான் கோளாறா?

கண் சரியாகத்தான் இருக்கிறது. கையால் களையெடுக்கும் வயலில் நடப்பது என்ன? படர்ந்து கிடக்கிற செடி, அடி சிவந்த செடி, சாய்ந்து நிற்கிற செடி எல்லாம் முதலில் மாட்டும். நேராக, பச்சையாக, நெல்லின் உயரத்துக்கு நிற்பது தப்பிவிடும். தப்பியது விதை போடும். இது தலைமுறை தலைமுறையாக நடந்தால், நெல்லின் வேஷம் போட்ட புல்தான் மிஞ்சும். வேஷத்தைப் போட்டுவிடுவதே களையெடுக்கிற நம் கைதான்!

பயிரைப் போல வேஷம் போடும் களைகளைப் பற்றி எழுதிய ரஷ்ய அறிஞர் நிகோலாய் வவிலோவின் பெயராலேயே இந்தத் தந்திரத்தைக் குறிப்பிடுகிறார்கள். சீனாவின் யாங்சே ஆற்றுப் பகுதிச் செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட 2019 ஆய்வு, அங்கே நெல் வேஷம் போட்ட வகை ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகக் கணக்கிட்டது. அதனால் உங்கள் வயலில் புதிதாக ஒன்றும் உருவாகியிருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வேஷம் கட்டிய விதை விதைநெல்லோடு கலந்து வந்திருக்கலாம். விதைநெல்லை ஒரு தட்டில் பரப்பி ஒரு பிடி பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக, மறு பக்கம் உப்பலாக, நெல்லைவிடச் சின்னதாக ஏதாவது கிடந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: விதை உண்மையிலேயே சாப்பிடக் கூடியதுதானா? விஷம் ஏதும் இல்லையே?

விஷம் இல்லை. எகிப்தில் நகா எத்-தேர் என்ற இடத்தில், அரச வம்சங்களுக்கு முந்தைய காலத்துக் கல்லறைகளில் கிடைத்த உடல்களின் குடலில் இந்தக் கொலோனா விதை இருந்தது. சாட், சூடான் பகுதிகளில் இன்னும் சில காட்டுப் புல் விதைகளோடு சேர்த்து இதையும் சேகரித்து உண்கிறார்கள். அந்தக் கலவைக்கு ‘கிரெப்’ என்று பெயர்.

விதையைவிட அது நின்ற இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். களைக்கொல்லி அடித்த வயல், சாக்கடை ஓரம், ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால், வண்டிகள் ஓடும் சாலை ஓரம் ஆகிய இடங்களில் நின்றதைத் தொடாதீர்கள். கதிரில் கரித்தூள் போலப் படிந்திருந்தாலோ, விதை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதாவது துருத்திக்கொண்டிருந்தாலோ பூஞ்சை என்று அர்த்தம். அந்தக் கதிரை மட்டுமல்ல, அந்தப் பக்கத்துக் கதிர் மொத்தத்தையும் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்ததும் அதே கணக்கில் சேர்த்தி.

கேள்வி: கதிர் நன்றாகப் பழுத்ததும் அறுத்து வந்தேன். தட்டிப் பார்த்தால் வெறும் சக்கைதான். விதை எங்கே போயிற்று?

தரைக்குப் போயிற்று. காட்டுப் புல்லுக்கும் பயிருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். பயிரான குதிரைவாலி, அறுக்கிற வரை விதையைப் பிடித்துக்கொண்டிருக்கும். காட்டுச் செடி, விதை முற்றியதும் காம்பிலிருந்து உதிர்த்துவிடும். காற்று அசைத்தால் போதும், நீங்கள் கதிரைத் தொட்டால் அதுவும் போதும்.

இன்னொரு சங்கடம், ஒரே கதிர் ஒரே நாளில் முற்றுவதில்லை. நுனியில் தொடங்கிக் கீழே இறங்கி வரும். நுனி விதை உதிர்கிறபோது அடி விதை இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு அதே தூரில் பின்னால் வந்த கதிர் அப்போதுதான் பூத்திருக்கும். அதனால் ‘பழுத்த பிறகு அறுவடை’ என்ற நினைப்பையே விடுங்கள். உள்ளங்கையைக் கதிருக்கு அடியில் வைத்து, மற்றக் கையால் நுனியை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஐந்தாறு விதை கையில் விழுந்தால் சரியான நேரம். நகத்தால் ஒரு விதையைக் கீறினால் பால் வரக் கூடாது, மாவாக இருக்க வேண்டும்.

எடுக்க இரண்டு வழி. அகலக் கூடையைக் கதிர்களுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, ஒரு குச்சியால் கதிரைக் கூடைக்குள் தட்டலாம். செடி நிற்கும், மூன்று நாள் கழித்து மறுபடி வந்து தட்டலாம். முற்றியது மட்டும் விழும் என்பதால் தரமும் நன்றாக இருக்கும். சாட் பகுதியில் குச்சிகூட இல்லை, கூடையையே வீசிக்கொண்டு புல்லுக்குள் நடப்பார்கள். இரண்டாவது வழி, கதிர் பாதி பச்சையாக இருக்கும்போதே அறுத்துத் துணி விரித்த நிழலில் உலர்த்துவது. இதில் பொக்கு, அதாவது உள்ளே மாவு பிடிக்காத விதை, அதிகம். வேலை குறைவு என்பதற்காகப் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். பனி ஈரம் காய்ந்த பிறகு, காற்று எழுவதற்கு முன்னால் போங்கள்.

கேள்வி: உமி போகவே மாட்டேன் என்கிறது. மிக்சியில் போடலாமா?

இதற்கு இரண்டு அடுக்கு. வெளியே இருக்கும் சொரசொரப்பான தோல் கசக்கினாலே போய்விடும். உள்ளே வழவழவென்று மின்னும் கெட்டி உமிதான் தகராறு. மிக்சியில் போட்டால் உமியும் அரிசியும் சேர்ந்து மாவாகிவிடும்.

முதலில் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். விதையைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உரலில் போட்டு, ஓங்கிக் குத்தாமல் உரசுகிற மாதிரி இடித்துப் புடையுங்கள். உமி பறந்ததும் மறுபடி இடி, மறுபடி புடை. நான்கைந்து சுற்றாவது ஆகும். வாணலியில் லேசாக வறுத்துவிட்டு இடித்தால் உமி சீக்கிரம் விடும், ஆனால் அதை அப்புறம் விதைக்க முடியாது. உமி போன அரிசியை மற்ற சிறுதானியம் போலவே வேக வைக்கலாம். அரித்துக் கழுவாமல் மட்டும் பானையில் போடாதீர்கள், மண் கட்டாயம் இருக்கும்.

கேள்வி: ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு கிலோ தேறுமா?

தேறாது. கொலோனா விதை ஒரு கிராம் சேர ஏறத்தாழ ஆயிரம் வேண்டும். கிலோவுக்குப் பத்து லட்சம் விதை, அதுவும் உமியோடு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் இதையே விதைத்துப் பயிர் செய்யலாமே?

தயவுசெய்து வேண்டாம். உதிர்கிற விதை, ஒரே சமயத்தில் முளைக்காத விதை, சின்ன விதை என்று பயிருக்கு ஆகாத குணம் அத்தனையும் இதில் இருக்கிறது. தானியம் வேண்டுமென்றால் பயிரான குதிரைவாலியை விதையுங்கள். அதுவும் சீக்கிரம் விளையும், தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும். காட்டுப் புல்லை விரும்பி விதைத்தால் அடுத்து வரும் ஒவ்வொரு பயிரிலும் அது நிற்கும்.

கேள்வி: குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், இதில் குளூட்டன் கிடையாது. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் தானியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒழிந்தால் போதும். வழி சொல்லுங்கள்.

கோபம் நியாயம்தான். 1977-ல் களை ஆய்வாளர்கள் தொகுத்த உலகின் மோசமான களைகள் வரிசையில், கோரைக்கும் அறுகுக்கும் அடுத்து மூன்றாவதும் நான்காவதும் இந்த இரண்டு புற்கள்தான்.

இதன் பலவீனம் விதை ஆழத்தில் இருக்கிறது. மேல் மண்ணில், வெளிச்சம் படுகிற விதை சட்டென்று முளைக்கும். ஐந்தாறு சென்டிமீட்டருக்குக் கீழே போனது மேலே வருவது கடினம். ஆகவே நடவுக்கு முன் நிலத்தை ஈரமாக்கி, பத்துப் பதினைந்து நாள் விட்டு, முளைத்ததை மேலோட்டமாக உழுது அழியுங்கள். முடிந்தால் இரண்டு தடவை. அதன் பிறகு ஆழ உழுது கீழே கிடப்பதை மேலே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது தண்ணீர். நட்டது முதல் நிலம் தெரியாமல் தண்ணீர் நின்றால் கொலோனா பெரிதும் அடங்கும். குரூஸ்-கல்லி அவ்வளவு எளிதில் மசியாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் முளைக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும், அதுவும் தூர் கட்டுவதற்கு முன்.

மூன்றாவது நிழல். சோளம், கரும்பு போல இதுவும் கடும் வெயிலை நன்றாகப் பயன்படுத்தும் வகை, அந்தப் போட்டியில் நெல் தோற்கும். நிழலில்தான் இது தடுமாறும். பயிர் சீக்கிரம் மூடிக்கொள்ளும்படி நெருக்கமாக நடுவது பாதி வேலையை முடித்துவிடும்.

மருந்து? ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் அதைத் தாங்கும் செடிதான் மிஞ்சும். புரோபனில் என்ற களைக்கொல்லியை நெல் ஒரு நொதியால் உடைத்துத் தப்பிக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் கிரேக்கத்திலும், பின்னர் அமெரிக்காவிலும் அதைத் தாங்கும் காட்டுக் குதிரைவாலி தென்பட்டது. ஆராய்ந்தால் அதுவும் அதே வழியில்தான் மருந்தை உடைத்துக்கொண்டிருந்தது. வெளித்தோற்றத்தில் நெல்லைக் காப்பியடித்தது போதாதென்று உள்ளேயும்!

கேள்வி: ஒரு வருஷம் சுத்தமாக எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், மண்ணில் அது சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தொடர்ந்து மூன்று நான்கு பருவம் ஒரு கதிரையும் உதிர விடாமல் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியும். பிடுங்கிய செடியில் கதிர் இருந்தால் வரப்பில் போடாதீர்கள்.

கேள்வி: பிடுங்கிய புல்லை மாட்டுக்குப் போடலாமா? விதையைக் கோழிக்கு?

மாடு விரும்பித் தின்னும் நல்ல தீவனம். ஆனால் தழைச்சத்து உரம் அதிகம் போட்ட நிலத்தில், அதிலும் வறட்சியில் வாடி நின்ற செடியில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். அதை வயிறு நிறையத் தின்றால் மாட்டின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட நிலத்துப் புல்லைத் தவிர்ப்பதே நல்லது. போட்டே ஆக வேண்டுமென்றால் அடித்தண்டை வெட்டி எறிந்துவிட்டு, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். நைட்ரேட் அடித்தண்டில்தான் அதிகம். காய வைத்தாலும் அது குறையாது.

கதிரோடு மாட்டுக்குப் போட்டால் இன்னொரு தொல்லை: கொஞ்சம் விதை சாணத்தோடு உயிருடன் வெளியே வரும், அந்தச் சாணம் திரும்ப வயலுக்குத்தான் போகும். நன்றாகச் சூடேறி மக்கிய எருவாக்கினால் பயமில்லை. கோழிக்கு உமியோடேயே தாராளமாகப் போடலாம். கோழியின் இரைப்பை அரைக்கிற அரைப்பில் முழுசாக வெளியே வருவது மிகக் குறைவு.