தளம் மாறியது, கட்டிய சந்தா எங்கே?

கேள்வி: அருவங்காடு பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெலிங்டனுக்குப் பக்கத்தில் வீடு. மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பேப்பர் மதியம்தான் வரும். அதனால் ஒரு செய்தித்தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டி போனிலேயே படித்து வந்தேன். போன மாதம் தளத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து பழைய பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. கூகுள் வழியாக உள்ளே போனால் ‘சந்தாதாரர் ஆகுங்கள்’ என்று மறுபடியும் பணம் கேட்கிறது. சேமித்து வைத்த கட்டுரைகளையும் காணோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி, 300 ரூபாய் கொடுத்தால் பழைய கணக்கைப் புதியதற்கு ‘டிரான்ஸ்பர்’ செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? எழுத்து வேறு சின்னதாகிவிட்டது.

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘டிரான்ஸ்பர்’ என்று வெளியாள் செய்யக்கூடிய வேலை எதுவும் கிடையாது. பழைய கணக்குகளைப் புதிய தளத்துக்குக் கொண்டுவருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. தளம் திறந்த அன்றே செய்து முடித்திருப்பார்கள், இல்லையென்றால் அரைகுறையாகச் செய்துவிட்டு உங்களைப் போன்றவர்களைத் தவிக்க விட்டிருப்பார்கள். எப்படியானாலும் கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அதில் கை வைக்க வழியில்லை.

ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இங்கே இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் 300 ரூபாய்க்காரர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

பாஸ்வேர்டு விஷயம் சின்னது. எந்த ஒழுங்கான தளமும் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாது, அரைத்துத்தான் வைக்கும். சிடிசி மிஷினில் அரைத்த தேயிலைத் தூளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, இது எந்தத் தோட்டத்துக் கொழுந்து, எந்தச் செடி என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரி. நீங்கள் பாஸ்வேர்டு போடும் ஒவ்வொரு முறையும் அதையும் அரைத்து, பழைய தூளோடு ஒத்துப் பார்ப்பார்கள். தளத்தை மாற்றும்போது அரைக்கும் மிஷினும் மாறினால் தூள் ஒத்துப்போகாது. அதனால் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வருகிறது. தவறு உங்களுடையது அல்ல. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ என்ற வரியைத் தட்டினால் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் வரும், அதில் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டால் முடிந்தது. வரவில்லையென்றால் ஸ்பாம் பெட்டியில் பாருங்கள். ‘தளம் மாறியிருக்கிறது, எல்லோரும் புதிய பாஸ்வேர்டு வையுங்கள்’ என்று வாசலிலேயே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது. அதைச் செய்ய மாட்டார்கள். வாசலில் புது லோகோ வைப்பார்கள்.

இரண்டாவது சிக்கல்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. கூகுள் வழியாகப் போனால் பணம் கேட்கிறது என்றால் சந்தா போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது வேறு வீடு. நீங்கள் கதவு மாறிப் போயிருக்கிறீர்கள். சந்தா கட்டியபோது மொபைல் எண்ணைக் கொடுத்திருக்கலாம், அல்லது மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வைத்திருக்கலாம். இப்போது புதிய தளத்தில் பெரிதாகத் தெரிந்த கூகுள் பட்டனைத் தட்டியதும், ‘யாரோ புது ஆள்’ என்று நினைத்து அது ஒரு காலிக் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டது. அங்கே சந்தாவும் இருக்காது, சேமித்த கட்டுரையும் இருக்காது. அந்தக் காலி வீட்டில் நின்றுகொண்டு மறுபடி பணம் கட்டிவிடாதீர்கள்.

‘இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சல்தானே, எப்படி இரண்டு வீடு?’ என்று கேட்பீர்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் விழும் பள்ளம் இது. ஜிமெயிலில் உங்கள் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வந்து சேரும், கூகுள் அந்தப் புள்ளியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் செய்தித்தளங்களில் பல அந்தப் புள்ளியைக் கவனிக்கும். புள்ளியோடு ஒருவர், புள்ளியில்லாமல் இன்னொருவர் என்று இரண்டு ஆளாக எழுதி வைத்துக்கொள்ளும். சந்தா கட்டிய அன்று நீங்கள் புள்ளி இல்லாமல் அவசரமாக அடித்திருக்கலாம், கூகுள் பட்டன் புள்ளியோடு அனுப்பியிருக்கலாம். ரசீது இரண்டு வழியிலும் உங்கள் பெட்டிக்கே வந்துவிடுவதால் உங்களுக்குச் சந்தேகமே வராது.

கண்டுபிடிப்பது சுலபம். ஜிமெயில் ஆப்பில் மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் தளத்தின் பெயரை அடியுங்கள். பணம் கட்டிய அன்று வந்த ரசீதைத் திறங்கள். அனுப்பியவர் பெயருக்குக் கீழே ‘டு மீ’ என்று பொடி எழுத்தில் இருக்கும், பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தட்டினால் எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்பது முழுதாக விரியும். அதில் புள்ளி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் உள்ளபடியே புதிய தளத்தில் அடித்து, பாஸ்வேர்டு மாற்றக் கேளுங்கள். கூகுள் பட்டன் பக்கமே போகாதீர்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு இதோடு சரியாகிவிடும் என்பது என் அனுபவம். ரசீதே மின்னஞ்சலில் இல்லையென்றால் மொபைல் எண் வழியாகக் கட்டியிருக்கலாம், அந்த எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஆப்புக்குள்ளேயே வாங்கியிருந்தால் பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதியில் இருக்கும்.

சரி, இப்போது அந்தத் தம்பி. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும், அவர் என்ன செய்வார் தெரியுமா? புதிதாக ஒரு கணக்கைத் திறப்பார். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில், உங்களைக் கேட்டுக் கேட்டு அடிக்கப் பொறுமையில்லாமல், கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுவார். மொபைல் எண் மட்டும் உங்களுடையது. ஓடிபி வந்ததும் ‘சொல்லுங்க சார்’ என்பார். நீங்களும் சொல்வீர்கள். அன்றைக்கு எல்லாம் நன்றாக வேலை செய்யும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு அக்கா, ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையையும் குன்னூர் ஏலச் செய்தியையும் படிக்கத்தான் சந்தா கட்டினார். கட்டிக் கொடுத்தது ஒரு கடைக்காரர். அடுத்த வருடம் பணம் தானாகப் போயிருக்கிறது. புதுப்பித்ததற்கான தகவல், ரசீது, பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எல்லாம் கடைக்காரர் மின்னஞ்சலுக்கே போயின. அவர் கடையைக் காலி செய்துவிட்டு திருப்பூருக்குப் போய்விட்டார். அக்கா என்னிடம் வந்தபோது கையில் இருந்தது வங்கியிலிருந்து வந்த ஒரு எஸ்எம்எஸ் மட்டும். நிறுவனத்துக்கு எழுதினால், ‘பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்’ என்று பதில். பணம் கட்டுகிறவர் ஒருவர், கணக்குக்கு உடையவர் இன்னொருவர். கடையில் திறந்த எல்லாக் கணக்கிலும் இந்த வில்லங்கம் உண்டு. மின்னஞ்சல் யாருடையதோ, கணக்கு அவருடையது. அதனால் உங்கள் மின்னஞ்சலை நீங்களே அடியுங்கள். ஒரு விரலால் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

காசில்லாத வேலைக்குக் காசு வாங்குவது நம் மலையில் புதிதா என்ன? 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வண்டிகள் உள்ளே வர இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதற்கும் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கியவர்களை நானே பார்த்தேன். கொடுத்தவர்களும் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள்.

இதைவிட ஆபத்தானவர்கள் நேரில் வரமாட்டார்கள். ஒரு தளம் மாறுகிறது என்று தெரிந்தாலே, ‘உங்கள் உறுப்பினர் கணக்கு இன்று இரவு முடக்கப்படும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பும். கூடவே ஒரு லிங்க், இல்லையென்றால் ‘புதிய ஆப்’ என்று ஒரு ஏபிகே பைல், அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை ஏற்றும் பைல். தொடாதீர்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்ணுக்கும் பேசாதீர்கள், தளத்துக்குள் போட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். பேசுகிறவர் உங்கள் திரையைப் பார்க்க ஒரு ஆப் இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் திரும்ப வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டும் என்று எவராவது சொன்னால் அவர் திருடர். பின் போடுவது பணம் கொடுப்பதற்கு, வாங்குவதற்கு அல்ல. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு வங்கியில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

ஓடிபி பற்றி மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இறக்கத்தில் வீடு இருந்தால் எஸ்எம்எஸ் ஆடி அசைந்துதான் வரும். வரவில்லையே என்று ‘மறுபடி அனுப்பு’ என்பதைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். புதிது கேட்டதும் பழையது பெரும்பாலும் செத்துவிடும். அப்புறம் மூன்று எண் ஒன்றாக வந்து விழும், நீங்கள் முதலில் வந்ததைப் போடுவீர்கள், ‘தவறு’ என்று சொல்லும். சிக்னல் கிடைக்கும் மூலைக்குப் போய் நின்றுகொண்டு ஒரே ஒரு முறை கேளுங்கள். மின்னஞ்சலுக்கு அனுப்பு என்று வழி இருந்தால் அதுதான் உத்தமம்.

சேமித்த கட்டுரைகள்: கணக்கோடு சேர்த்துச் சேமித்தவை என்றால், சரியான கதவைத் திறந்ததும் பெரும்பாலும் அங்கே இருக்கும். லாகின் செய்யாமல் சேமித்தவை போனின் பிரவுசருக்குள் இருப்பவை. ‘குக்கீஸை அழித்துவிடுங்கள், எல்லாம் சரியாகும்’ என்று யாராவது சொன்னால், பிரவுசர் போனில் சேர்த்து வைத்திருக்கும் தளக் குறிப்புகளோடு இவையும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய லிங்க் கையில் இருந்து, தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறதா? இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமைப்பு நடத்தும் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். இலவசம்தான். பழைய பக்கங்களின் நகல் பல அங்கே கிடைக்கும். கருத்துப் பகுதியில் நீங்கள் எழுதியவை வருவது சந்தேகம். தளத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது வாசகர் எழுதியதுதான்.

கணக்குக்குள் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்று இருந்தால் அதைத் தட்டுங்கள், எந்தக் கடையில் எப்போது திறந்திருந்தாலும் மூடிக்கொள்ளும். அப்புறம் யுபிஐ ஆப்பில், பணம் தானாகப் பிடிப்பதற்கான ‘ஆட்டோபே’ பகுதியைப் பாருங்கள். அங்கே பழைய சந்தா ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் புதிதாகக் கட்டினாலும் அதுவும் தன் பாட்டுக்குப் பிடிக்கும். 15,000 ரூபாய்க்குள் இருக்கும் சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்க மாட்டார்கள். பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அறிவிப்பு வருகிறது, நாம்தான் அதை ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம். வேண்டாம் என்றால் அந்த ஆப்பிலேயே நிறுத்தலாம், தளத்தில் நிறுத்தும் பட்டனைத் தேடி அலைய வேண்டாம். சேரும் பட்டனை நெற்றியில் ஒட்டிவிட்டு விலகும் பட்டனை ஏழாவது பக்கத்தில் ஒளித்து வைக்கிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதில் பாதியைப் பழைய கணக்குகளைக் கொண்டுவருவதில் காட்டியிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் திறக்கவில்லையென்றால் தளத்தின் உதவி மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், தமிழ்ச் செய்தி விற்கிறவர்கள் தமிழ்க் கடிதம் படிக்கட்டும். பணம் கட்டிய தேதி, தொகை, யுபிஐ ஆப்பில் அந்தப் பணத்துக்கு எதிரே இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண், ரசீது வந்த மின்னஞ்சல், இவ்வளவு போதும். கார்டு எண்ணோ ஓடிபியோ எழுத வேண்டாம். சாட் பெட்டியில் சிரித்துக்கொண்டு நிற்கும் பொம்மையிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், நீங்கள் கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டிய பணத்துக்குச் சேவை தரவில்லை என்று சொல்லிப் புகாரைப் பதியச் சொல்லுங்கள்.

எழுத்து சின்னதாகிவிட்டது என்றீர்கள். கட்டுரையின் மேலே பெரிய ‘ஏ’, சின்ன ‘ஏ’ என்று ஆங்கில எழுத்து இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரியதைத் தட்டுங்கள். இல்லையென்றால் குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், அதில் அக்சஸிபிலிட்டி. அங்கே எழுத்தைப் பெரிதாக்கும் கோடு ஒன்று இருக்கும், 150 சதவீதம் வரை இழுத்துப் பாருங்கள். கண்ணாடியை மாற்ற குன்னூருக்கு இறங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.