20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். போனுக்கு ஏன் நான்கு தடவை வரவில்லை?

நண்பரே, மூன்று தடவைகூட முழுசாக ஏறவில்லை என்பதால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி) மின்னூட்டத்தின் அளவுதான், ஆற்றல் தெரிய வோல்ட்டால் பெருக்க வேண்டும். பவர் பேங்குக்குள் இருக்கும் பாட்டரி செல் 3.7 வோல்ட். ஆக 20,000 எம்.ஏ.எச்., அதாவது 20 ஆம்பியர்-மணி × 3.7 = 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றித்தான் கேபிளில் அனுப்புகிறது. அந்த மாற்றத்திலும் போனுக்குள் நடப்பதிலும் கால் பங்கு வரை சூடாகப் போய்விடலாம். மிச்சம் சுமார் 55. போன் பாட்டரி 5 × 3.85, அதாவது 19 சொச்சம். வகுத்துப் பாருங்கள், மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பின்பக்கப் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இருக்கும், 5 வோல்ட்டில் உண்மையில் வெளியே கிடைக்கும் எம்.ஏ.எச். அளவு அது. அதில் 12,000-ஐ ஒட்டி இருந்தால் நியாயமான பொருள்தான். அப்புறம், இந்த 74 வாட்-மணி பவர் பேங்கை விமானத்திலும் கொண்டுபோகலாம்; 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, கைப்பையில் மட்டும்.