அண்ணன் சொன்ன கழிவு

அன்புள்ள ஐயா,

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மணிக்கு ஒருமுறை அளவு எடுத்துப் பதிய வேண்டும். யாரும் எடுப்பதில்லை; ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறோம். 'அனுசரிச்சுப் போ தம்பி' என்கிறார் சூப்பர்வைசர். நல்ல மனிதர், என் அக்கா கல்யாணத்துக்குக் கைமாற்று கொடுத்தவர். நம் கலாச்சாரமே இப்படியா, இல்லை ஆட்களின் குணமா?

(பெயர் வேண்டாம்), ஓசூர்

அன்புள்ள தம்பி,

'நல்ல மனிதர்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான். கெட்டவர் சொல்லியிருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

1996 சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் (அப்போது தர்மபுரி மாவட்டம்) ஒரு மாங்கூழ் ஆலையில் எடைச்சீட்டு எழுதினேன். பெங்களூரா காய் டிராக்டர் டிராக்டராக வந்து நிற்கும். அழுகலுக்கென்று எடையில் கொஞ்சம் கழித்து எழுதுவது, அதாவது கழிவு பிடிப்பது, வழக்கம். அழுகல் இல்லாத லோடுக்கும் பிடிக்கச் சொன்னார் எங்கள் மேலாள். அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவோம். மதியம் தன் தூக்கிலிருந்து களியும் கீரையும் எடுத்து எனக்கும் வைப்பார். அதைத் தின்றுவிட்டுச் சீட்டு எழுதும்போது மட்டும் எப்படி முரண்டு பிடிப்பது? எழுதினேன். சீட்டு வாங்கியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். எண்ணைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னோடு இருந்த ஒருத்தன் மட்டும் எழுதவில்லை. போராளி எல்லாம் இல்லை. 'எனக்குக் கணக்கு குழம்புதுண்ணா, லோடு இறக்கப் போடுங்க' என்று வெயிலுக்குப் போய்விட்டான். ஆளுமையை ஆராய்கிறவர்கள் நேர்மையையும் பணிவையும் சேர்த்து ஒரே குணமாக அளப்பதுண்டு. அவனைப் பார்த்த எனக்கு அது வியப்பாக இல்லை. ஆக, குணம் உண்டுதான். ஆனால் எத்தனை பேருக்கு?

கலாச்சாரம் என்கிறீர்கள். நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தினாலும் அபராதம் வசூலிக்க முடியாமல் இருந்தது. ஃபிஸ்மன், மிகுவல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் தோண்டினார்கள். ஊழல் மலிந்த நாட்டுக்காரர்கள் பெயரில் அபராதச் சீட்டு குவிந்திருந்தது. நார்வே, ஸ்வீடன்காரர்கள் பெயரில் அநேகமாக இல்லை. சரி, அதுவரை உங்கள் கட்சி ஜெயிக்கிறது. அப்புறம் 2002 கடைசியில், பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிப்போம் என்றது நகர நிர்வாகம். மீறல்கள் சுமார் 98 சதவீதம் குறைந்தன. வளர்ப்பு அதற்குள் மாறியிருக்குமா?

எங்கள் ஆலையிலும் மறு சீசனில் விவசாயிகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவும், கழிவு எவ்வளவு என்று வாசலில் கரும்பலகை வைக்க வேண்டி வந்தது. தினமும் அதில் எழுதியவர் அதே அண்ணன்தான். களியும் வழக்கம்போல வந்தது.

மணிக்கொரு அளவு எடுக்க உங்கள் ஷிப்டில் ஆள் போதுமா? போதாதென்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பொய்க் கணக்கு அங்கேதான் பிறக்கிறது. அதுவரை எடுக்காத நேரத்துக்கு நேராக 'எடுக்கவில்லை' என்று எழுதுங்கள். ஒரே ஒரு கட்டத்தில் தொடங்கினால் போதும். அவர் கோபிப்பார். கைமாற்றில் பாக்கி இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள்.