இரண்டு வரித் திருத்தத்துக்கு மூன்று கேள்வியா?

கேள்வி: அண்ணா, கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ்தான். அதன் கெர்னலில் (ஹார்ட்வேரையும் மற்ற நிரல்களையும் இணைக்கும் மையப் பகுதி) ஒரு யு.எஸ்.பி. டிரைவரைப் படித்துக்கொண்டிருந்தபோது, பிழை வந்து பாதியில் திரும்புகிற இடத்தில் வாங்கிய மெமரியை விடுவிக்காமலே போவதைப் பார்த்தேன். இரண்டு வரியில் சரிசெய்து அனுப்பினேன். அந்த டிரைவரைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "இது எப்போது நடக்கும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சோதித்தீர்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மனசே விட்டுப்போச்சு. இதோடு நிறுத்திவிடவா?
(ஒரு மாணவர், கொருக்குப்பேட்டை)

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. வேண்டாம் என்று நினைக்கிறவர் உட்கார்ந்து மூன்று கேள்வி எழுத மாட்டார், பேசாமல் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். உங்கள் இரண்டு வரி உள்ளே போய்விட்டால் நாளைக்கு அதற்குப் பொறுப்பு அவர்தானே? காசிமேட்டில் ஏலப் பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும், உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். அவர் கேட்கத்தான் வேண்டும்.

முதலில், மெமரியை வாங்கிய வரியைத் திரும்பப் பாருங்கள். அது மெமரி வாங்கும் சாதாரண கேமாலக் என்றால் நீங்கள் சொல்வது சரி, அதை விடுவிக்கும் கேஃப்ரீ போட்டே ஆக வேண்டும். ஆனால் அந்த ஃபங்ஷன் பெயர் 'டெவ்எம்' என்று தொடங்கினால் கதையே வேறு: புரோப் (சாதனம் கிடைத்ததும் அதைத் தயார்செய்கிற டிரைவர் ஃபங்ஷன்) தோற்றாலும் சாதனத்தைக் கழற்றினாலும் கெர்னலே அதை விடுவித்துவிடும், அங்கே போய் நீங்களும் கேஃப்ரீ போட்டால் ஒரே மெமரி இரண்டு தடவை விடுவிக்கப்பட்டு மெஷினே கவிழலாம். ஓட்டை இல்லாத இடத்தில் ஒட்டுப் போட்டு ஓட்டை உண்டாக்குகிற இந்தத் தவறு நிறைய நடக்கிறது, அதனால்தான் அந்த முதல் கேள்வி.

சரி, ஓட்டை உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். "மெமரி லீக்கைச் சரிசெய்கிறேன்" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள், இல்லையா? அது போதாது. இரண்டாவது பஃபருக்கு (தரவை வைக்க வாங்கும் மெமரித் துண்டு) இடம் கிடைக்காதபோது முதல் பஃபரை விடுவிக்காமலே புரோப் திரும்பிவிடுகிறது என்று, நடப்பதை அப்படியே எழுதுங்கள். நிரலைப் படித்துக் கண்டுபிடித்தேன், பில்டு செய்து (கம்பைல் ஆகிறதா என்று) மட்டும் பார்த்தேன், அந்தச் சாதனம் என்னிடம் இல்லை என்று உள்ளதைச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. சோதிக்காததைச் சோதித்தேன் என்று சொல்வதுதான் உங்கள் பெயரைக் கெடுக்கும். பிழை எந்த கமிட்டில் (பதிவான ஒரு மாற்றம்) நுழைந்தது என்பதை 'கிட் பிளேம்' காட்டும். அந்த கமிட் எண்ணின் முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் 'ஃபிக்ஸஸ்' வரியில் கொடுத்தால், பழைய கெர்னல்களைப் பராமரிக்கிறவர்கள் இந்தத் திருத்தம் தங்களுக்கும் தேவையா என்று உடனே பார்த்துவிடுவார்கள்.

அனுப்பும்போது 'கிட் சென்ட்-ஈமெயில்' வழியாகவே அனுப்புங்கள். என் முதல் பேட்சை, அதாவது திருத்தத்தை, பிரவுசர் மெயிலில் ஒட்டி அனுப்பினேன், டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறிப்போய், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஆனால் அங்கே பேட்ச் ஏறவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தண்டையார்பேட்டை வீட்டில் அந்த வரிகளை முறைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கீழேயே பதில் எழுதிவிட்டு, அப்புறம் 'வி2' (இரண்டாம் பதிப்பு) என்று போட்டுப் புதிதாக அனுப்புங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை, விளக்கம் முடிகிற இடத்தில் வரும் '---' என்ற மூன்று சிறுகோட்டுக்குக் கீழே எழுதினால் அவர் படிப்பார், கமிட் வரலாற்றில் ஏறாது. பதிலுக்கு ஒரு வாரமாவது பொறுங்கள்.

கேள்வி: கெர்னல் பேட்சில் நம் பெயரும் மெயிலும் போடுகிற 'சைன்டு-ஆஃப்-பை' வரியில் குடும்பப் பெயர் கேட்பார்களா? எனக்கு இனிஷியல்தான். கம்பெனி மெயில் இல்லாவிட்டால் மதிப்பார்களா?
(ஒரு வாசகி, திருவொற்றியூர்)

பதில்: இனிஷியலே போதும் அம்மா. உங்களை எல்லோரும் எந்தப் பெயரில் அறிவார்களோ அதையே போடுங்கள், அனாமதேயமாக மட்டும் அனுப்ப முடியாது. இந்த வரி 2004-ல் வந்த ஏற்பாடு. இந்த நிரலை ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கொடுக்கிற வாக்கு. அதனால் வேலையில் இருந்தால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்த மெயிலே போதும்.

கேள்வி: என் லேப்டாப்பில் கெர்னல் பில்டு செய்தால் மணிக்கணக்காக ஓடுகிறது. என்ன செய்வது?
(ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் மெஷினில் ஏறியிருக்கிற மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும், நேரம் வெகுவாகக் குறையும். அதற்கு முன்னால் பென்டிரைவ், பிரின்டர், ஹெட்செட் என்று நீங்கள் பயன்படுத்துகிற எல்லாவற்றையும் ஒரு தடவை செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் புதிய கெர்னலில் அவை வேலை செய்யாது.