மாட்டுக்கு வாங்கிய அட்வான்ஸ்

கேள்வி: அம்மா இறந்து 3 வருடம் ஆகிறது. 74 வயதான அப்பா தாராபுரம் பக்கத்தில் கிராமத்து வீட்டில், ஒரு பசுமாட்டோடு தனியாக இருக்கிறார். அவரைக் கோவைக்கு அழைத்து வந்துவிட நானும் அண்ணனும் பலமுறை பேசிப் பார்த்துவிட்டோம். நம்பகம், உணர்ச்சி, தர்க்கம் மூன்றையும் சேர்த்துப் பேசினால் யாரையும் சம்மதிக்க வைக்கலாம் என்று எங்கள் அலுவலகப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதன்படியே தயார் செய்துகொண்டு போனேன். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், மாதச் செலவு எவ்வளவு, போன வருடம் குளியலறையில் விழுந்ததை எங்களிடம் மறைத்தது என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். மாட்டை விற்கக்கூட ஆள் பார்த்து அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. அவரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். இன்னும் எப்படிப் பேசினால் அவர் மனம் மாறும்?

பதில்: இன்னும் எப்படிப் பேசுவது என்பது இருக்கட்டும். அந்த அட்வான்ஸை யாரைக் கேட்டு வாங்கினீர்கள்?

அவ்வளவு நீளக் கடிதத்தில் அது ஒரே ஒரு வரி. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அம்மா போன பிறகு காலையில் அவரை எழுப்புவது அந்த மாடுதான். அதற்கு விலை பேசி, கைநீட்டிப் பணமும் வாங்கிவிட்டு, அப்புறம் அவர் எதிரில் உட்கார்ந்து "என்னப்பா சொல்றீங்க?" என்றால், அவர் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? முடிவைச் சொல்லத்தான் போயிருக்கிறீர்கள். கேட்கப் போகவில்லை. அது அவருக்குப் புரிந்துவிட்டது, எழுந்துவிட்டார்.

பயிற்சியில் சொன்ன அந்த மூன்றும் அரிஸ்டாட்டில் 2300 வருடங்களுக்கு முன் வகுத்தவை. தவறில்லை. ஆனால் மூன்றும் ஒரே எடை என்று அவர் சொல்லவில்லை. நம்பகத்தை, அதாவது பேசுகிறவரின் குணத்தைத்தான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வலிமையானதாக வைத்தார். அந்தக் குணம் பேசும் பேச்சிலேயே தெரிய வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் பேச்சில் தெரிந்தது என்ன? மகள் முதுகுக்குப் பின்னால் மாட்டை விற்கிறாள் என்பது.

இன்னொன்றையும் அவர் பிரித்து வைத்திருக்கிறார். நடந்து முடிந்ததற்கு யார் பொறுப்பு என்று பேசுவது நீதிமன்றப் பேச்சு. இனி என்ன செய்யலாம் என்று பேசுவது சபைப் பேச்சு. நீங்கள் இனி நடக்க வேண்டியதைப் பேசப் போன இடத்தில், குளியலறையில் விழுந்ததை எடுத்து வைத்து அப்பாவைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். கூண்டில் நிற்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். உங்களோடு சேர்ந்து யோசிக்க மாட்டார்.

புறநானூற்றின் 46ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். மொத்தமே எட்டு வரி. சோழன் கிள்ளிவளவன், குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். புலவர் கோவூர் கிழார் தடுக்கப் போகிறார். "நீ செய்வது பாவம்" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்று, கேட்பவனின் பெருமையை முதலில் அவன் கையில் கொடுக்கிறார். இவர்கள் புலவர்களின் வறுமைக்கு அஞ்சி, தம்மிடம் உள்ளதைப் பகுத்து உண்பவர்களின் வழி என்கிறார். அடுத்து பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்ட சின்னப் பிள்ளைகள். கூடியிருக்கும் மன்றத்தைப் பார்த்து மருண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான் காட்டினார். கடைசியில், "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய்.

பிள்ளைகளின் உயிர் போகிற நேரத்தில்கூட முடிவை அரசன் கையிலேயே விட்டார் அந்த மனிதர். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் பழைய குறிப்பு சொல்கிறது. நீங்கள் உங்கள் அப்பாவின் கையில் எதை விட்டீர்கள்?

இதைப் படித்துவிட்டு, "சரி, அவர் இஷ்டம்" என்று கையைக் கழுவிவிடாதீர்கள். 74 வயதில் ஒருமுறை விழுந்தவரைத் தனியே விட்டுவிட்டு, வாரம் ஒரு போனோடு முடித்துக்கொள்வதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அவர் கட்டிய வீட்டில் அவருடைய சொல்லுக்கு இடம் வைப்பதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

நான்கு நாள் லீவு போடுங்கள். அண்ணன் இல்லாமல் தனியாகப் போங்கள். கணக்கு எழுதிய தாளெல்லாம் வேண்டாம். சாணி அள்ளுங்கள், தீவனம் வையுங்கள், அவர் பால் கறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். அவராகப் பேசுகிற நேரம் வரும். அப்போது உங்கள் பயத்தைச் சொல்லுங்கள்: "ராத்திரி போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குதுப்பா." உங்கள் கடிதத்தில் தூரம் இருக்கிறது, செலவு இருக்கிறது, இது இல்லை. சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். மழைக்காலம் மட்டும் கோவையில் இருக்கிறேன் என்பார், அல்லது ராத்திரித் துணைக்கு ஒரு ஆளை வைக்கச் சொல்வார். இல்லை, ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அடுத்த மாதமும் போங்கள்.

அதற்கு முன் அந்த ஆளை வீட்டுக்கு வரச் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கண் முன்னால்.