மருத்துவர் பதில்: ஈஸ்டர் ரொட்டி பிசைந்தபோது கை நடுங்கியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 63. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிபிசைடு எடுக்கிறேன். ஈஸ்டருக்கு வீட்டிலேயே இனிப்புப் பின்னல் ரொட்டி செய்வது வழக்கம். புனித சனியன்று ஒருசந்தி நோன்போடு மாவு பிசைந்தபோது இரண்டு கைகளும் நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. மருமகள் மைலோ பானம் கொடுத்ததும் சரியானது. ஈஸ்ட் வயிற்றில் வளருமா? பட்டைத்தூள் கல்லீரலைக் கெடுக்குமா? சீனிக்குப் பதில் குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) சேர்க்கலாமா? ஞாயிறன்று, ரொட்டி சாப்பிடப் போகிறேனே என்று, வாட்ஸ்அப்பில் வந்தபடி கிளிபிசைடு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். அன்றிரவு உடை நனைய வியர்த்தது, காலையில் தலைவலி. என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. எனக்கும் அதுதானா? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பக்கவாதம் போலத் தெரியவில்லை, அம்மா. அது பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும்: வாய் கோணும், ஒரு கையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும். அப்படி எது வந்தாலும் மைலோ கலக்கிக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். உங்களுக்கோ இரண்டு கைகளும் நடுங்கின, வியர்த்தது, இனிப்பு உள்ளே போனதும் தெளிந்தது. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனால் இப்படித்தான் இருக்கும். பழியை ரொட்டியின் மேல் போடாதீர்கள்.

கிளிபிசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. காலையில் மாத்திரை, அதன்பின் வெறும் வயிறு. போதாததற்கு வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த மாவு. விரலோடு ஒட்டிக்கொண்டு லேசில் வழிக்கு வராது. கால் மணி நேரமாவது உள்ளங்கையால் தள்ளி, மடித்து, மறுபடி தள்ள வேண்டும். உழைக்கும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது.

பிசைந்தபோது வந்த நடுக்கத்தைவிட ஞாயிறு இரவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் நடுக்கம் உங்களுக்குத் தெரியாது. நனைந்த உடையும் விடியற்காலைத் தலைவலியும்தான் மிச்சம். சிலர் கண் விழிப்பதே இல்லை. இனிப்பு சாப்பிடும் நாளில் மாத்திரையைக் கூட்டச் சொன்ன அந்த வாட்ஸ்அப் வைத்தியர் உங்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்தாரா? சிறுநீரகம் தளர்ந்திருந்தால், சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து இன்னும் கூடும். கூடுதல் மாத்திரை இனி வேண்டவே வேண்டாம். பயந்துபோய், வழக்கமாக எடுக்கும் மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முன்பதிவு வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே உங்கள் பலதுறை மருந்தகத்துக்குப் போய், எனக்கு எழுதியதை அப்படியே அங்கே சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், பிசோப்ரோலால் போன்றவை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது.

மறுபடி வியர்த்தால் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். கருவி கைவசம் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். பால் கலந்த மைலோ மெதுவாகத்தான் வேலை செய்யும். வெண்ணெய் ரொட்டியும் அப்படித்தான். தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தாழும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று மருமகளிடம் சொல்லி வையுங்கள். அப்போதும் 995தான்.

ஒருசந்தி பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சபைச் சட்டப்படி அது 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் கடமை. அதுவும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். நோயாளிக்கு அதிலும் விலக்கு உண்டு. உங்களுக்கு வயதும் கடந்துவிட்டது, நோயும் இருக்கிறது. என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் பங்குத்தந்தையைக் கேளுங்கள்.

மற்றவை அற்பம். ஈஸ்ட் அடுப்புச் சூட்டில் செத்துப்போகிறது, வயிற்றில் வளராது. ஒரு ரொட்டி முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள் போடுவதால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது. இணையத்தில் மிரட்டுகிறவர்கள் அதைத் தினமும் கரண்டி கரண்டியாக விழுங்குவோரின் கதையைச் சொல்கிறார்கள். குலா மெலாக்காவும் சர்க்கரைதான். மணத்துக்காகச் சேர்ப்பதென்றால் சேருங்கள். பச்சை மாவை நக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே வேகாத முட்டை இருக்கிறது.

ரொட்டியைத் தாராளமாகச் செய்யுங்கள். தடித்த துண்டு ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். அரைக் கிண்ணச் சோற்றுக்குச் சமம். ஈஸ்டர் விருந்தில் ஒரு துண்டு எடுத்தால் சோற்றில் அவ்வளவைக் குறையுங்கள். அடுத்த ஆண்டு பசியாறிவிட்டு, சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டு மாவில் கை வையுங்கள். பிசைகிற வேலையை மருமகளிடம் தள்ளிவிட்டு நீங்கள் பின்னிக் கொடுத்தாலும் சரிதான்.